மீண்டது மதுவா, மரபா?



ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன் மதுக்கடையைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். எழுத வேண்டிய கட்டாயம் நேர்ந்துவிட்டது.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பயண இதழ்களும் உணவு நிகழ்ச்சிகளும் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. எசுப்பானிய நாட்டின் பார்சிலோனா நகரில், தெருவுக்குத் தெரு இருந்து பின் மங்கிப்போன 'வெர்முத்' கடைகள் மீண்டும் உயிர் பெற்றுவிட்டனவாம். இத்தாலியில் 'அபெரிதீவோ' என்று வழங்கும் உணவுக்கு முந்தைய மதுவேளையும் அவ்வாறே உலகமெங்கும் பரவுகின்றதாம். மரபை மீட்பது எப்படி என்று அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

இதழ்களில் வந்த வரைக்கும் எனக்குக் கவலையில்லை. ஆனால், அண்மையில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசிய ஒருவர் இதே எடுத்துக்காட்டை நம் மொழிக்குப் பொருத்தினார். "ஐரோப்பியரைப் பாருங்கள், செத்துப்போன பழக்கத்தைக்கூட அழகாக அலங்கரித்து இளைஞர்களிடம் சேர்த்துவிட்டார்கள். தமிழையும் இப்படிக் கவர்ச்சியாக விளம்பரப்படுத்தினால் பிள்ளைகள் தாமாக வருவார்கள்" என்றார். கைதட்டலும் கிடைத்தது. அவர் பெயர் இங்குத் தேவையில்லை. ஏனெனில், அவர் ஒருவர் மட்டும் அப்படி எண்ணவில்லை. பலர் எண்ணுகிறார்கள்.

நான் சொல்கிறேன்: அந்த எடுத்துக்காட்டு தவறானது. பார்சிலோனாவில் பெரிதும் மீண்டிருப்பது பானம், மரபன்று. அந்த வழியை நாம் பின்பற்றினால் தமிழ்ப் பெயர்ப்பலகை மிஞ்சும், தமிழ் மிஞ்சாது.

வெர்முத் என்பது யாது?

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். வெர்முத் என்பது மூலிகையூட்டிய திராட்சை மது. மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த கசப்புச் செடி ஒன்று அதில் முதன்மையானது. அச்செடிக்குச் செருமானிய மொழியில் 'வேர்முட்' என்று பெயர். அப்பெயரே மதுவுக்கும் ஆகிவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதில் நான்கில் மூன்று பங்கேனும் திராட்சை மது இருத்தல் வேண்டும். சாராய அளவு 14.5 முதல் 22 விழுக்காடு வரை இருக்கலாம். இத்தாலியின் தூரின் நகரில் 1786-ஆம் ஆண்டு அந்தோனியோ பெனெதெத்தோ கார்ப்பானோ என்பவர் இதனை வணிகப் பொருளாக்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு.

அபெரிதீவோ என்ற சொல் 'திறத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. பசியைத் திறப்பது என்று பொருள். உணவுக்கு முன் சிறிது கசப்பு வயிற்றை ஆயத்தப்படுத்தும் என்பது அவர்களின் நம்பிக்கை. வேப்பம்பூ இரசம் வைக்கும் நமக்கு இந்த எண்ணம் புதிதன்று.

தூரினிலிருந்து இந்தப் பழக்கம் காத்தலோனியாவுக்குச் சென்றது. ரெயுஸ் என்னும் ஊர் வெர்முத் தயாரிப்பில் பெயர் பெற்றது. இசாகிர்ரே என்ற நிறுவனம் 1884 முதல் அங்குத் தொடர்புடையது. 1902-இல் பார்சிலோனாவின் பெருஞ்சாலையான பசேச் தெ கிராசியாவில் 'கஃபே தொரினோ' என்ற ஆடம்பரக் கடை திறக்கப்பட்டது. இத்தாலிய வெர்முத் நிறுவனமொன்றின் முகவர் அதனைத் திறந்தார். அதன் உள்ளலங்காரத்தில் கட்டடக் கலைஞர் காவுதியும் பங்கேற்றார். ஆக, வணிக விளம்பரம் இந்தக் கதையில் முதல் நாளிலிருந்தே உண்டு. அதனை நான் மறைக்கப் போவதில்லை. 'பழங்காலத்தில் எல்லாம் தூய்மை, இன்று எல்லாம் வணிகம்' என்று சொல்வது என் நோக்கமன்று.

அது பானத்தின் பெயரன்று, பொழுதின் பெயர்

ஆனால், விளம்பரத்தால் வந்த பானத்தை மக்கள் தம் வாழ்க்கைக்குள் இழுத்துக்கொண்டார்கள். அங்கேதான் மரபு தொடங்குகிறது.

காத்தலான் மொழியில் 'வெர்முத் செய்தல்' என்று ஒரு வழக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் வழிபாடு முடிந்தபின், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் உண்ணும் மதிய உணவுக்கு முன், தெருமுனைக் கடையில் கூடுவதற்கு அந்தப் பெயர். மேசைமேல் பீப்பாயிலிருந்து பிடித்த வெர்முத், சோடாப் புட்டி, ஒலிவக் காய், நெத்திலி, உருளைக்கிழங்கு வறுவல், தகரப் பெட்டியில் அடைத்த மட்டி. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் ஆகிய எல்லாரும் அங்கே இருப்பர். பிள்ளைகளுக்குப் பழச்சாறோ குளிர்பானமோ. ஒருவர் காப்பி குடித்தாலும், வெறும் சோடா குடித்தாலும் அவரும் 'வெர்முத் செய்தவர்'தாம்!

இதனைக் கூர்ந்து நோக்குங்கள். அந்தச் சொல் பானத்தைக் குறிக்கவில்லை. ஒரு பொழுதைக் குறிக்கிறது. அந்தப் பொழுதில் மூன்று தலைமுறைகள் ஒரே மேசையில் இருந்தன. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்தனர். கடைக்காரருக்கு எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்திருந்தது. மூத்தோர் பேசுவதைப் பிள்ளைகள் காதில் வாங்கிக்கொண்டே வறுவல் தின்றனர். அந்தக் காதில் வாங்குதல்தான் மரபு. கோப்பையில் இருந்தது துணைப்பொருள்.

எதை மீட்டார்கள்?

1980, 90-களில் இளைஞர்கள் வெர்முத்தைக் கிழவர்களின் பானம் என்று ஒதுக்கினார்கள். 2010-க்குப் பின் அது மீண்டும் நாகரிகமானது. பழைய பீப்பாய், பளிங்கு மேசை, பூவோட்டுத் தரை எல்லாம் புதுக் கடைகளிலும் வைக்கப்பட்டன. புத்தகங்கள் வந்தன, ரெயுஸில் வெர்முத்துக்கென அருங்காட்சியகமே வந்தது.

அதே காலத்தில் மற்றொன்றும் நடந்தது. அதைப் பயண இதழ்கள் எழுதுவதில்லை. எசுப்பானியாவில் 1985-க்கு முன் எழுதப்பட்ட கடை வாடகை ஒப்பந்தங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. 1994-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அந்தப் பாதுகாப்புக்கு முடிவு தேதி குறித்தது. அதன்படி, பல பழைய கடைகளுக்கு 2014 திசம்பர் 31-உடன் பழைய வாடகை முடிந்தது. மறுநாளிலிருந்து சந்தை விலை. தலைமுறை தலைமுறையாக இருந்த கடைகள் பல மூடப்பட்டன, அல்லது இடம் பெயர்ந்தன. வெர்முத் உச்சிக்கு ஏறிய அதே ஆண்டுகளில், அதனை வளர்த்த தெருமுனைக் கடைக்காரரின் காலடி நிலம் விலை பேசப்பட்டது.

கடைக்காரர் மட்டுமா? வாடிக்கையாளரும்தாம். மேல்மாடி வீடுகள் சுற்றுலாப் பயணிகளின் தங்கும் வீடுகளாயின. நிலைமை முற்றியதால், உரிமம் பெற்ற அத்தகைய 10,101 வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக நகர மேயர் 2024 சூனில் அறிவித்தார். அடுத்த மாதமே நகர மக்கள் ஊர்வலம் போய், கடைகளின் வெளியே அமர்ந்து உண்டுகொண்டிருந்த பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் நீர் பீய்ச்சினர். உலகமே பார்த்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தம் மேசையில் தமக்கு இடமில்லாதவர்களின் கோபம் அது.

பாட்டி குடியிருந்த வீடு கைமாறிவிட்டால், ஞாயிறன்று பேரன் யாரோடு வெர்முத் செய்வான்? பீப்பாய் இருக்கிறது, பளிங்கு மேசை இருக்கிறது, ஒலிவக் காய் இருக்கிறது. பாட்டி இல்லை. இதற்குப் பெயர் மீட்சியா?

இத்தாலியின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. 1919-இல் பாதுவா நகரில் பிறந்த அபெரோல் என்ற மென்கசப்புப் பானத்தை 2003-இல் பெருநிறுவனமான கம்பாரி வாங்கியது. அதன்பின், வெனித்தோ வட்டாரத்தின் மாலைநேர வழக்கம் ஒன்று, செம்மஞ்சள் நிறக் கோப்பையாக உலகமெங்கும் விற்கப்படுகிறது. நிறம் பயணம் செய்தது. அந்த ஊர்ச் சதுக்கம் பயணம் செய்யவில்லை. செய்யவும் முடியாது.

"அப்படியாவது பிழைத்ததே!"

இவ்விடத்தில் மறுப்பாளர் எழுந்து நிற்பார். "ஐயா, இந்த நாகரிக அலை வராதிருந்தால் எஞ்சியிருந்த கடைகளும் 1990-களிலேயே அழிந்திருக்கும். பணம் வந்ததால்தான் பிழைத்தன" என்பார்.

இதில் ஓர் உண்மை உண்டு; ஏற்கிறேன். 1914-இல் போப்ளே செக் பகுதியில் தொடங்கிய 'கிமெட் இ கிமெட்' போன்ற குடும்பக் கடைகள் தலைமுறைகளைக் கடந்து வந்துள்ளன. உள்ளூர் இளைஞர்களும் உண்மையான பற்றோடு வெர்முத்துக்குத் திரும்பினர். அவர்களை நான் பழிக்கவில்லை. ஆனால், கடை பிழைப்பது வேறு, வழக்கம் பிழைப்பது வேறு. நின்றுகொண்டே இருபது நிமிடத்தில் உண்டு, படமெடுத்து, அடுத்த கடைக்கு நகரும் கூட்டத்தால் ஒரு கடை வாழலாம். அந்தக் கூட்டத்தால் ஒரு வழக்கம் வாழாது. வழக்கம் வாழ வேண்டுமானால் அதே ஆள் அடுத்த ஞாயிறும் வரவேண்டும். தன் பிள்ளையோடு வரவேண்டும்.

ஆகவே, மீட்சியை அளக்க என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. விற்பனைக் கணக்கு அன்று. வந்துபோனவர் தொகையும் அன்று. *அந்த மேசையில் அந்த ஊர்ப் பிள்ளை இருக்கிறதா?* இருந்தால் மரபு. இல்லாவிட்டால் வணிகம்.

காத்தலான் மொழி கற்பிக்கும் பாடம்

ஆசிரியர்களே, இனிச் சொல்வது குறிப்பாக நமக்கு.

பிராங்கோவின் ஆட்சியில் காத்தலான் மொழி பள்ளியிலிருந்தும் அரசு வாழ்விலிருந்தும் விலக்கப்பட்டது. அப்போது அது எங்கே வாழ்ந்தது? வீட்டில், தெருவில், இத்தகைய மேசைகளில். 1975-இல் அவர் மறைந்தபின் நிலை மாறியது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காத்தலான் பள்ளிக்குள் நுழைந்தது. படிப்படியாகப் பயிற்று மொழியாகவே ஆனது. நாம் கனவு காணும் நிலை அது! சொந்த அரசு, சொந்தத் தொலைக்காட்சி, பள்ளி முழுவதும் தாய்மொழி.

நாற்பதாண்டுகளுக்குப் பின் விளைவு என்ன? காத்தலோனிய அரசின் 2023-ஆம் ஆண்டு மொழிப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குக் காத்தலான் பேசத் தெரியும். ஆனால், அதனை வழக்கமான மொழியாகக் கொண்டிருப்போர் 32.6 விழுக்காட்டினர் மட்டுமே. இருபது ஆண்டுகளுக்கு முன், 2003-இல், அது 46 விழுக்காடாக இருந்தது.

இதற்கு முதன்மைக் காரணம் குடியேற்றம். அந்நிலத்தின் மக்கள்தொகை இக்காலத்தில் 80 இலட்சத்தைத் தொட்டுவிட்டது. புதிதாக வந்தோரின் மொழி வேறு. வெர்முத் கடைகள் கைமாறியதால்தான் மொழி தேய்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது அறிவுக்குப் பொருந்தாது. நான் கேட்பது வேறு: தெரிந்தவர் 80, பேசுவோர் 32. இடையில் இருக்கும் அந்தப் பெரும் பள்ளத்தை எது நிரப்பும்? பள்ளி மொழியைத் தெரியவைக்கும். பேசவைப்பது அண்டை வீட்டாரும் கடைக்காரரும் பாட்டியும் கூடும் பொழுது. புதிதாக வந்தவனும் அந்த மேசையில்தான் மொழியைத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியும். அந்தப் பொழுதை விலைக்கு விற்றுவிட்டு, பள்ளிக்கூடத்தை மட்டும் நம்பினால் இதுதான் கணக்கு.

தொலைவில் ஏன் போக வேண்டும்? பக்கத்தில் சிங்கப்பூர். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளியில் பாடம். எனினும், 2010-இல் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசியோர் 32.3 விழுக்காடு, 2020-இல் 48.3 விழுக்காடு. தமிழை அவ்வாறு பேசியோர் 2.5 விழுக்காட்டினரே. சட்டமும் பாடநூலும் இருந்தும் வீட்டு மேசை நழுவுகின்றது.

நம் கள்ளுக்கடையை மறந்துவிட வேண்டா

"அப்படியானால் ஆசிரியரே மதுவேளையைப் புகழ்கிறாரா?" என்று எவரும் என்மேல் பாய வேண்டா. மதுவில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் தெளிவாக அறிவித்துவிட்டது. அது போதும்.

மேலும், நம் இனத்துக்கு மதுக்கடை எப்படி வந்தது என்பது நமக்குத் தெரியும். தோட்டத்துக் கள்ளுக்கடை நாமாக வளர்த்த மரபன்று. அரசு உரிமத்தோடு நிர்வாகத்தின் நிழலில் நடந்தது. பால்மரம் வெட்டிய கூலி மாலையில் அங்கேயே திரும்பியது. அங்கும் ஒரு பொழுது இருந்தது. ஒரு கூட்டம் இருந்தது. ஆனால், அந்தப் பொழுது பிள்ளையின் சோற்றைப் பறித்துக்கொண்டு நடந்தது. தாயைக் கண்ணீரோடு வாசலில் காத்திருக்க வைத்தது.

அதனால்தான் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னிற்க, வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களின் கோரிக்கைப் பட்டியலில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும். மற்றொன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பள்ளியும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில்! போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து காவல் துறையின் தடியடி பட்டனர். அந்தப் படிக்காத தொழிலாளர்களுக்கு, இன்றைய பயண எழுத்தாளர்களைவிடப் பண்பாடு என்பதன் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தது. பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளாத கூட்டம் எதுவும் பண்பாடு ஆகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

எனவே, நான் கோப்பையைப் புகழவில்லை. கோப்பையைச் சுற்றியிருந்த மேசையைச் சொல்கிறேன். அந்த மேசைக்கு மது தேவையே இல்லை. தே தாரிக் போதும்.

நம்மிடம் இருக்கும் மேசை

2024 திசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ உலகின் வாழும் மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. ரொட்டி சானாய், நாசி லெமாக், தே தாரிக் எல்லாம் அதில் அடக்கம். 2020-இல் சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடும் அவ்வாறே பட்டியலில் ஏறியது. நாம் மகிழ்ந்தோம், செய்தியைப் பகிர்ந்தோம். நல்லது.

ஆனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வட்டார ஒட்டுக்கடைக்குப் போய்ப் பாருங்கள். தந்தை கைப்பேசியில், தாய் கைப்பேசியில், பிள்ளை கையில் பலகைக் கணினி. ரொட்டி வருகிறது, படமெடுக்கிறார்கள், உண்கிறார்கள், எழுகிறார்கள். பாட்டி வீட்டிலேயே விடப்பட்டிருக்கிறார். பிள்ளையிடம் பேசும் ஓரிரு சொல்லும் ஆங்கிலம். பட்டியலில் மரபு ஏறிவிட்டது, மேசையிலிருந்து இறங்கிவிட்டது. பார்சிலோனாவுக்கு வெளியார் கூட்டம் செய்ததை, நமக்கு நாமே செய்துகொள்கிறோம். அவர்கள் வீட்டு வாடகை ஏறியதால் மேசையை இழந்தனர். நாம் எந்த வாடகையும் ஏறாமலே இழக்கிறோம்.

பின்னர் திங்கட்கிழமை என்னிடம் வந்து கேட்கிறார்கள்: "சார், ஆறு வருசம் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புறோம், பிள்ளை தமிழ் பேச மாட்டேங்குதே?" நான் கேட்கிறேன்: அம்மா, உங்கள் பிள்ளை யாரோடு பேசும்?

பினாங்கில் 1816-இல் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க்கல்வி, இன்று 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக இந்நாட்டில் நிற்கிறது. எத்தனையோ பேரின் வியர்வை அது. நாங்கள் எழுத்து கற்பிப்போம், இலக்கணம் கற்பிப்போம், கட்டுரை எழுத வைப்போம். அது எங்கள் கடன். ஆனால், பாட்டியின் கிண்டலையும் தாத்தாவின் தோட்டத்துக் கதையையும் மாமன் முறைப் பேச்சையும் எந்தப் பாடநூலில் நான் அச்சிட முடியும்? அவை மேசையில் மட்டுமே கிடைக்கும் பாடங்கள்.

விளம்பரம் வேண்டா என்று நான் சொல்லவில்லை. தமிழ்ச் சட்டை அணியுங்கள்; பாரதி படம் பொறித்த கோப்பை வாங்குங்கள்; விழா எடுங்கள். ஆனால், அதனையே மீட்சி என்று கருதி ஏமாற வேண்டா. பீப்பாயை மீட்டு மேசையை இழந்தவர்களின் கதை நம் கண்முன் இருக்கிறது.

பெற்றோர்களே, செய்ய வேண்டியது மிக எளிது, செலவும் இல்லை. வாரத்தில் ஒரு பொழுதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நாள், அதே நேரம், அதே கடை; இயலாதவர்களுக்கு வீட்டு ஐந்தடியே போதும். மூத்தோர் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். கைப்பேசிகளைப் பைக்குள் வையுங்கள். தமிழில் பேசுங்கள். பாடம் நடத்த வேண்டா, திருத்த வேண்டா, பேசினால் போதும். பிள்ளை காதில் வாங்கிக்கொண்டே ரொட்டியைப் பிய்க்கட்டும்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த பெற்றோர் சந்திப்பில் தேர்ச்சி அறிக்கையைக் கொடுக்கும்போது, மதிப்பெண்ணுக்கு முன் இதைக் கேளுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை உங்கள் மேசையில் யார் யார் இருந்தார்கள்?"

மாற்றுக் கருத்து உடையோர் தாராளமாக எழுதுங்கள். விடை சொல்ல ஆயத்தமாக இருக்கிறேன்.